பதினேழு பிள்ளைகளைச் சுமந்த அண்டா

ஏரல் தபால் நிலையத்தில் முப்பது வருஷம் முத்திரை குத்தி, அந்தச் சத்தத்தாலேயே தாமிரபரணியின் இரு கரைகளையும் கட்டியாண்ட என் மாப்பிள்ளை செல்லத்துரை அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். நீர் இருக்கிற இடத்தில் மழை இல்லை என்று நம்புகிறேன். இங்கே உம்முடைய மச்சானுக்கு மூன்று நாளாகக் கை நடுங்குகிறது. பேனா காகிதத்தில் போடுகிற தாளத்தைக் கேட்டு, எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, மேளம் எப்போது வாங்கினீர் என்று விசாரித்துவிட்டுப் போனார். வழக்கம்போலக் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன். நடுக்கம் மட்டும் உண்மை.

எனக்குப் பயம், வே. தச்சநல்லூரில் மிரண்டு ஓடிவந்த காளையை ஒரே தும்மலில் நிறுத்தினவன் என்று முப்பது வருஷமாகச் சொல்லித் திரிகிற தங்கராஜுக்குப் பயம். அது கன்றுக்குட்டி என்பதும், ஏற்கெனவே கட்டிப் போட்டிருந்தது என்பதும் உமக்கு ஒருவருக்குத்தான் தெரியும். நீர் யாரிடமும் சொன்னதில்லை. அதற்காகவே உமக்கு என் தங்கச்சியை இன்னொரு தடவைகூடக் கட்டிக் கொடுக்கலாம்.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் உம் மகள் ஜெபாவின் கலைக்கூடத்தில் புதிய கண்காட்சி திறக்கிறார்கள். என் தங்கச்சி பாக்கியம் வருகிறாள். இந்த இரண்டு வரிக்குள் என் பயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆனால் உமக்கு ஆதியோடந்தமாகச் சொல்லாவிட்டால் பிடிக்காது.

கலைக்கூடத்தின் முதல் கண்காட்சி உமக்கு நினைவிருக்கும். சென்னையில் ஓவியம் படித்துவிட்டு வந்த பிள்ளை, ஊர்க்காரர்கள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, பழைய அரிசி ஆலையின் கிடங்குக்கு வெள்ளையடித்தாள். படம் மாட்டுவாள் என்று போனோம். நடுக்கூடத்தில் ஒரு செங்கல் குவியல் கிடந்தது. நீர் அதை மூன்று தடவை சுற்றி வந்து, “ஏட்டி, கொத்தனாரு இன்னும் வரலயா?” என்று கேட்டீர். அவள் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள்.

நான் விடுவேனா? அன்று சாயங்காலமே ஏரல் கலைக்கூடத்தின் ஆஸ்தான வியாக்கியானக்காரனாக என்னை நானே நியமித்துக்கொண்டேன். ஒவ்வொரு செங்கலும் ஒரு தலைமுறை, நடுவில் இருக்கும் பிளவு பாண்டிய நாட்டின் வீழ்ச்சி என்று வந்தவர்களுக்கெல்லாம் விளக்கினேன். பாத்திரக்கடை அண்ணாச்சி கைகூப்பிக் கும்பிட்டுவிட்டே போனார். ஜெபா அதைச் செய்தது சூளையில் வேலை பார்க்கும் பெண்களுக்காக. நான் சொன்னதில் அவர்கள் வரவே இல்லை. நீர் ஓரமாக என்னை இழுத்து, “மச்சான், நீரு சொன்ன பொறவுதான் அது செங்கல்லான்னே எனக்குச் சந்தேகம் வருது” என்றீர்.

அப்போதே என் வாயைத் தைத்திருக்கலாம். தபால் நிலையத்தில் சணலும் கோணி ஊசியும் இருந்திருக்குமே.

பிறகு அந்த மார்கழி வந்தது. பாக்கியமும் ஜெபாவும் பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய், மழையில் சாலை அறுபட்டு, அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். வீட்டில் நீரும் நானும். மத்தியானம் தெருவில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று வந்தது. ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது, எல்லாரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுங்கள் என்றார்கள். நீர் உடனே பையில் இரண்டு சட்டை, வேதப்புத்தகம், இருதயத்துக்குச் சாப்பிடும் மாத்திரை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, குடையோடு வாசலில் நின்றீர். முத்திரை குத்திய கவர் மாதிரி, புறப்பட ஆயத்தமாக.

நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அன்று நான் சொன்னதை உம்மிடம் திருப்பிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை மற்றவர்களும் வாசிக்கப்போகிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

“என்னவே மாப்ளே, பையக் கீழ வச்சிட்டு உக்காரும். தாமிரபரணிக்கு நம்மளத் தெரியும்வே. வாசல்ல செருப்பக் கழத்திப் போட்டுட்டு, உள்ள வரலாமான்னு கேட்டுட்டுதான் வரும்.”

நீர் சிரித்தீர். பையைக் கீழே வைத்தீர்.

விடிவதற்கு முன்னால் அது கேட்காமலே வந்தது. கட்டில் நனைந்து விழித்தோம். மாடிப்படி ஏறுவதற்குள் இடுப்பளவு. மாத்திரை இருந்த பை தண்ணீரோடு போய்விட்டது. அதன் பிறகு இரண்டு நாள் மொட்டை மாடியில், ஒரு தார்ப்பாயின் கீழே இருந்தோம். பக்கத்து மாடியில் ஞானப்பூ டீச்சர், தனியாக, தலையில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவரைத் தாண்டி அவருடைய பிரஷர் மாத்திரையை எறிந்தார். அது உமக்கு ஆகிற மாத்திரை இல்லை. மாடியில் கிடந்த பெரிய அண்டாவில் மழைத்தண்ணீர் நிறைந்திருந்தது. அதைக் குடித்தோம்.

இரண்டாம் நாள் மத்தியானம் உம் தலை என் மடியில் இருந்தது. மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. நீர் கண்ணைத் திறந்து, “மச்சான், செருப்பக் கழத்திட்டுத்தான் வந்துச்சா?” என்று கேட்டீர். அதுதான் உம் கடைசி வார்த்தை.

அதைக் கேலியாகக் கேட்டீரா, கோபமாகக் கேட்டீரா? இரண்டு வருஷமாக யோசிக்கிறேன். உம் முகத்தில் சிரிப்பு இருந்த மாதிரி இருந்தது. இருந்த மாதிரி இருந்தது என்று நான்தான் சொல்கிறேன். நான் சொல்வதை நம்பலாமா?

உம் நினைவு ஆராதனையில் என்னைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். நடந்ததை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு உட்கார வேண்டும் என்றுதான் எழுந்தேன். முன்வரிசையில் பாக்கியம் இருந்தாள். ஆற்றில் போட்ட துணி மாதிரி இருந்தாள். அவளைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்தது. நீர் அந்த அண்டாவைத் தண்ணீரில் இறக்கி, அதில் தெருப்பிள்ளைகளை ஏற்றி, கழுத்தளவு வெள்ளத்தில் தள்ளிக்கொண்டே மேட்டுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தீர் என்றேன். நாலு பிள்ளைகள். போய்ப் போய் வந்ததில் இருதயம் களைத்துப் போனது என்றேன். கடைசியாகப் பாக்கியத்தின் பேரைச் சொல்லி ஆசீர்வதித்தீர் என்றேன்.

சபை முழுவதும் அழுதது. எந்தத் தெருப் பிள்ளைகள் என்று ஒருவரும் கேட்கவில்லை. சாட்சி சொல்கிறவனை இடைமறித்துக் கேள்வி கேட்கிற வழக்கம் நம் சபையில் இல்லையே. அடுத்த மாதம் ஆழ்வார்திருநகரிப் பக்கம் ஒரு ஜெபக்கூட்டத்தில் சொன்னபோது ஒன்பது பிள்ளைகள். ஈஸ்டருக்குள் பதினேழு. விட்டிருந்தால் அந்த அண்டாவில் மணிமுத்தாறு அணையையே ஏற்றியிருப்பேன்.

ஆனால் மாப்பிள்ளை, பாக்கியம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சாப்பிட ஆரம்பித்தாள். பாளையங்கோட்டையில் வாடகை வீடு பார்த்துப் போனவள், அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் முதலில் சொன்னது அந்தக் கதையைத்தான். இந்த இரண்டு வருஷமும் அவள் அந்த அண்டாவைப் பிடித்துக்கொண்டுதான் மிதக்கிறாள். அதில் ஓட்டை போடுகிற தைரியம் யாருக்கு வரும்?

இப்போது கண்காட்சிக்கு வருகிறேன். தண்ணீர் நின்ற உயரம் என்று அதற்குப் பேர். ஜெபா வீடு வீடாகப் போய், வெள்ளம் தொட்ட பொருள் ஒன்றைக் கேட்டு வாங்கினாள். நாற்பது வீட்டுப் பொருள்கள். கிடங்குச் சுவரைச் சுற்றிலும், தண்ணீர் எவ்வளவு நின்றதோ அந்த உயரத்தில் ஒரு நீலக் கயிறு ஓடுகிறது. தையல் மிஷின், பள்ளிக்கூடச் சான்றிதழ், தொட்டில் கம்பு, எதை எந்த உயரத்தில் கண்டெடுத்தார்களோ அந்த உயரத்தில் தொங்குகிறது. பக்கத்தில் ஒரு ஹெட்போன். காதில் மாட்டினால் அந்த வீட்டுக்காரரின் குரல் கேட்கும். விளக்க அட்டை கிடையாது. வியாக்கியானக்காரனும் தேவையில்லை என்று எனக்கு நாசூக்காகச் சொல்லிவிட்டாள்.

நடுவில் நம் அண்டா. அதன் ஹெட்போனில் நான். பதினேழு பிள்ளைகளோடு, மூச்சு விடாமல், பன்னிரண்டு நிமிஷம்.

புதன்கிழமை காலையில் ஜெபா என்னைக் கூப்பிட்டு, ஹெட்போன் எல்லாம் வேலை செய்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்கச் சொன்னாள். ராஜா நகர்வலம் போகிற மாதிரி போனேன். அண்டாவுக்கு நேர் எதிரே ஒரு பிளாஸ்டிக் வாளி தொங்கியது. சாதாரண வாளி. ஹெட்போனை மாட்டினேன். ஞானப்பூ டீச்சரின் குரல்.

வெள்ளம் வடிந்த வாரமே மகன் வந்து டீச்சரைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போய்விட்டான். உம் ஆராதனைக்கு அவர் வரவில்லை. என் சாட்சி அவர் காதில் விழவே இல்லை. கேட்டிருந்தால் என் காதைத் திருகியிருப்பார். ஜெபா கேட்டதற்காக அங்கிருந்து பேசி அனுப்பியிருக்கிறார். அந்தக் குரலில் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை.

“செல்லத்துரைத் தம்பி பையும் குடையுமா வாசல்ல நிக்காரு. தங்கராஜு உள்ள இருந்து ஆத்தப் பத்தி வேடிக்கையா என்னமோ சொல்லுதாரு. தம்பி சிரிச்சிட்டுப் பையக் கீழ வச்சாரு. நான் செவுத்துக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டேன். நானும் சிரிச்சிட்டேன். நானும் போகல.”

கிடங்குத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மற்ற குரல்களை எல்லாம் கேட்கிற ஊர், நாளைக்கு இதையும் கேட்கும். பாக்கியம் முதலில் அண்டாவிடம் போவாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி நாலு அடி வைத்தால் வாளி.

பிறகு நான் செய்ததைக் கேட்டால் நீர் தலையில் அடித்துக்கொள்வீர். ஜெபா அந்தப் பக்கம் ஏணியில் நின்றுகொண்டிருந்தாள். நான் மெல்ல எழுந்து, வாளியின் ஹெட்போன் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, “இது பழுது மக்கா, சத்தம் வரல, எடுத்துருவோம்” என்றேன். அறுபத்தெட்டு வயசில்.

அவள் ஏணியை விட்டு இறங்கி வந்தாள். ஒயரைத் திரும்ப மாட்டினாள். ஒரு காதில் வைத்துக் கேட்டாள். சரியாக இருக்கிறது என்று தொங்கவிட்டாள்.

“டீச்சர் இத அனுப்பிப் பத்து நாளாச்சு மாமா,” என்றாள்.

பத்து நாளாக அவளுக்குத் தெரியும். பத்து நாளும் எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறாள், அண்டாவை எந்தச் சங்கிலியில் தொங்கவிடலாம் என்று என்னிடம் யோசனை கேட்டிருக்கிறாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, என்னைக் கீழே தள்ளிவிடு, வெளியே போகச் சொல், ஊர்க்காரர்களை வைத்து அடி, என்னவெல்லாமோ சொன்னேன். அவள் காத்திருந்தாள். நான் முடித்த பிறகு, யார் சொன்னது சரி என்று தான் எங்கேயும் எழுதப்போவதில்லை என்றாள். ஒருவர் குரலையும் வெட்டமாட்டாளாம். அது இந்தக் கண்காட்சியின் சட்டமாம்.

“ஆனா அம்மா அத வாளிகிட்ட நின்னு தெரிஞ்சிக்கக் கூடாது. நீங்க சொல்லுதியளா, நான் சொல்லவா?”

நான் சொல்கிறேன் என்றேன். அந்த நிமிஷத்தில் அவள் முகம் உம் முகமாக இருந்தது. அதற்குப் பயந்து சொன்னேன்.

வியாழக்கிழமை பாக்கியத்தைப் பார்க்கப் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். வழியில் ஸ்ரீவைகுண்டத்திலேயே இறங்கிவிட்டேன். தலை சுற்றுகிறது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு, திரும்பி ஏரலுக்கு வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமையும் அங்கே இறங்கினேன். ஆற்றுப் பாலத்தின் மேல் நின்றேன். கீழே தண்ணீர் கணுக்கால் அளவு ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கக்கூடப் பயமாக இருந்தது, வே. அடுத்த பஸ்ஸில் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு, பாளையங்கோட்டையில்தான் திறந்தேன்.

பாக்கியம் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். காப்பி குடிக்கிறாயா என்று கேட்டாள். வேண்டாம் என்றதும் நிமிர்ந்து பார்த்தாள். நான் காப்பியை வேண்டாம் என்று சொன்னதே இல்லையே. நின்றபடியே சொன்னேன். பள்ளிக்கூடத்துக்குப் போகப் புறப்பட்ட உம்மை நிறுத்தினது நான் என்று சொன்னேன். அண்டா மாடியை விட்டு இறங்கவே இல்லை என்றேன். பிள்ளைகள் ஒருவரும் இல்லை என்றேன். ஆசீர்வாதம் இல்லை என்றேன். நீர் கேட்ட கடைசிக் கேள்வியையும் சொன்னேன். என் வாழ்நாளிலேயே நான் சொன்ன மிகச் சின்னக் கதை அதுதான்.

அவள் மீனைக் கழுவிக்கொண்டே இருந்தாள். அந்த மீன்களை அவ்வளவு சுத்தமாக ஒருவரும் கழுவியிருக்க முடியாது.

“அவுக ஒன் பேச்ச என்னைக்கு அண்ணே கேட்டிருக்காவ,” என்றாள். அடுத்த மீனை எடுத்துக்கொண்டு, “அன்னைக்குன்னு பார்த்துக் கேட்டிருக்காவளே.”

நான் தரையில் உட்கார்ந்தேன். வெளியே போ என்பாள் என்று நினைத்தேன். அவள் கையைத் துடைத்துவிட்டு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்து, கேட்க ஆரம்பித்தாள். என்ன சட்டை போட்டிருந்தாவ? குளிர்ந்துச்சா? அண்டாத் தண்ணியக் குடிச்சாவளா? கண்ண யாரு மூடினா? இரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை, மாப்பிள்ளை. பதினேழு பிள்ளைகளுக்கு நடுவில் கேள்வி நுழைய இடம் ஏது? நீலக் கட்டம் போட்ட சட்டை என்றேன். குளிர்ந்தது என்றேன். என் வேட்டியைப் போர்த்தினேன் என்றேன். குடித்தீர் என்றேன். நான்தான் மூடினேன் என்றேன். அவள் அழவில்லை. ஒவ்வொன்றையும் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டாள்.

கடைசியாக ஒன்று கேட்டாள்.

“அண்ணே, தண்ணி வராதுன்னு நீ நெசமாவே நினைச்சியா? இல்ல, சும்மா சொன்னியா?”

நான் வாயைத் திறந்தேன். தாமிரபரணியை ஒரு சொல்லில் செருப்போடு வாசலில் நிறுத்தினவனுக்கு, ஒரு சொல்லும் வரவில்லை. அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அங்கிருந்தே, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், அங்கே வைத்துச் சொல் என்றாள். சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லவில்லை. அதுவும் இதுவரை நடந்ததே இல்லை.

அவள் என்னை மன்னித்துவிட்டாளா? இனிமேல் அந்த வீட்டில் எனக்குத் தட்டு உண்டா? தெரியவில்லை. ஜெபாவிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.

இன்று சனிக்கிழமை. காலையிலிருந்து எழுதுகிறேன். அண்டாவின் ஹெட்போனில் என் பழைய குரல் அப்படியே இருக்கும். ஒருவர் குரலையும் வெட்டக்கூடாது என்பது சட்டமல்லவா? அதன் கீழே இந்தக் கடிதத்தை மாட்டப்போவதாக ஜெபா சொல்லியிருக்கிறாள். பாத்திரக்கடை அண்ணாச்சி வாசிப்பார். சபை வாசிக்கும். இந்தக் கூடத்தில் ஆடு, மாடு, செங்கல் எல்லாவற்றுக்கும் அர்த்தம் சொன்னவனை ஊரே சுற்றி நின்று பார்க்கும்.

பாக்கியத்தின் கேள்விக்குப் பதில் எனக்கு இன்று காலையில்தான் கிடைத்தது. ஒலிபெருக்கிச் சத்தம் தெருமுனையில் கேட்டபோது என் உள்ளங்கை வேர்த்தது. நீர் பை கட்டியதைப் பார்த்தபோது இன்னும் வேர்த்தது. நீர் அவ்வளவு அமைதியாகப் புறப்பட்டால் வெள்ளம் வருவது உண்மைதான் என்று ஆகிவிடுமே என்று நினைத்தேன். எழுந்திருக்கக் கால் வரவில்லை. அதனால் பேசினேன். தண்ணீர் வராது என்று நான் நம்பவில்லை, மாப்பிள்ளை. சும்மா விளையாட்டுக்கும் சொல்லவில்லை. பயந்துபோய்ச் சொன்னேன். நீர் அதைத் தைரியம் என்று எடுத்துக்கொண்டீர்.

நாளைக்கு நாலு மணிக்கு நான் அண்டாவின் பக்கத்தில் நிற்பேன். இந்தக் காகிதத்தை வாசித்துக்கொள் என்று கையைக் காட்டிவிட்டு நழுவமாட்டேன். பாக்கியம் வந்து நின்றதும், அவள் முகத்தைப் பார்த்து, “பயந்து போயிட்டேன் தங்கச்சி” என்று சொல்லுவேன். அதற்கு மேல் அவள் கேட்டால் சொல்லுவேன். கேட்காவிட்டால் வாயை மூடிக்கொண்டு நிற்பேன். இது உமக்கு நான் தரும் வாக்கு.

இப்படிக்கு,
உம்மைப் புறப்படவிடாமல் நிறுத்தின,
உம் பாக்கியத்தின் அண்ணன்,
மச்சான் தங்கராஜ்